வெட்டப்படாத பக்கங்கள்

2008 ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்ட் மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபாட் டச் கருவிக்கென ஐந்து செயலிகளை அறிவித்தார். மின்னஞ்சல், நிலப்படம், பங்குச்சந்தை, வானிலை, குறிப்பேடு என்பன அவை. இனி அக்கருவியைப் புதிதாக வாங்குவோருக்கு இவை ஐந்தும் உள்ளேயே இருக்கும். முன்னரே வாங்கியவர்கள் இருபது டாலர் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். முன்னரே வாங்கியவர்கள் என்றால் எவ்வளவு முன்னர்? கருவி அறிவிக்கப்பட்டதே 2007 செப்டம்பரில்தான். 299 டாலரோ 399 டாலரோ கொடுத்து அதை வாங்கியவர்களில் மிகப் பழையவருக்கும் நான்கு மாத உரிமைதான். அந்த ஐந்து செயலிகளும் புதியவை அல்ல என்பது எரிச்சலைக் கூட்டிற்று. 2007 ஜூன் முதலே ஐபோனில் அவை இருந்தன. அதே நாளில் ஐபோன்காரர்களுக்கும் ஒரு மேம்படுத்தல் வந்தது. அவர்களிடம் ஆப்பிள் ஒரு காசும் கேட்கவில்லை.

பாட்டுக் கேட்கும் பெட்டிக்கும் இலக்கியப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சில வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். தொடர்பு இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். ஒரு பொருளை வாங்கிவிட்டோம் என்றால் எதை வாங்கினோம் என்ற கேள்வி, நூல்களை வாங்கி அடுக்கி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்நியமானதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், பல நூல்கள் மடிப்பு வெட்டப்படாமலே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் காகிதக் கத்தியால் பக்கங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே படிக்க வேண்டும். பாதி நூலோடு சலித்துப்போன வாசகரின் நேர்மையை மீதிப் பக்கங்கள் காட்டிக் கொடுத்துவிடும். அங்கே பக்கங்கள் மூடியிருந்தன. ஆனால் கத்தி வாசகருடையது. ஐபாட் டச்சின் கதையில் கத்தி மட்டும் கடைக்காரரிடம் இருந்தது.

இந்த இருபது டாலருக்கு வெறும் பேராசைதான் காரணம் என்று அன்று பலர் எழுதினர். அது பாதி உண்மைகூட அன்று. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. என்ரான் 2001-இலும் வேர்ல்ட்காம் 2002-இலும் கவிழ்ந்த பின்னர், வருமானத்தை முன்கூட்டிக் கணக்கில் ஏற்றிக் காட்டும் பழக்கத்தின் மீது அமெரிக்காவில் கடும் கண்காணிப்பு வந்தது. 2002-இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் நிறைவேறியது. கணக்கில் பிழை நேர்ந்தால் தலைமை அதிகாரிகளே பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்றானது. மென்பொருள் வருவாய்க்கான கணக்கியல் விதி அதற்கும் முன்பிருந்தே ஒன்றைச் சொல்லிவந்தது: பொருளை விற்றபின் இன்னதென்று குறிப்பிடாத புதிய வசதிகளை இலவசமாகத் தருவதாக வாக்களித்தால், பெற்ற பணம் முழுவதும் இன்னும் ஈட்டப்பட்டதாகாது. வருங்கால வசதிக்குத் தனி விலை என்னவென்று நிறுவ முடியாவிட்டால், வருவாயைப் பல காலாண்டுகளுக்குப் பரப்பித்தான் கணக்கெழுத வேண்டும்.

ஐபோனுக்கு ஆப்பிள் அப்படித்தான் செய்தது. ஒரு ஐபோன் விற்ற பணத்தை இருபத்து நான்கு மாதங்களுக்குப் பங்கிட்டு எழுதியது. ஆகவே இடையில் எதை இலவசமாகக் கொடுத்தாலும் கணக்கு கெடவில்லை. ஐபாட் டச்சின் பணத்தையோ விற்ற அன்றே முழுமையாக வரவு வைத்துவிட்டது. வரவு வைத்த பிறகு புதிய வசதியை இலவசமாகக் கொடுத்தால், விற்பனை அன்று முடியவில்லை என்று தணிக்கையாளர் சொல்லக்கூடும். மேம்படுத்தலைத் தனிச் சரக்காக்கி ஒரு விலையை ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஓராண்டு முன்பே இதற்கு ஒத்திகை நடந்திருந்தது. 2007 ஜனவரியில், மேக் கணினிகள் சிலவற்றில் முன்னரே பொருத்தப்பட்டிருந்த வேகமான கம்பியில்லா இணைப்பைத் திறந்துவிட 1.99 டாலர் கேட்டபோதும் நிறுவனம் சொன்ன காரணம் இதுதான்.

இந்த விளக்கத்தை நாம் நம்புகிறோம். ஆனால் முழுமையாக ஏற்கவில்லை. விதி கட்டணம் விதிக்கச் சொல்லவில்லை. ஐபோனுக்கு எழுதிய கணக்கையே இதற்கும் எழுதியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்தக் காலாண்டின் வரவு சற்று மெலிந்து தெரிந்திருக்கும். பங்குச்சந்தைக்கு முன் மெலிந்து தெரிவதைவிட வாடிக்கையாளருக்கு முன் கஞ்சனாகத் தெரிவது மேல் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர்தான், 2007 நவம்பரில், மைக்ரோசாஃப்ட் தன் சூன் கருவியின் இரண்டாம் தலைமுறை மென்பொருளை முதல் தலைமுறைக் கருவிகளுக்கும் இலவசமாகவே கொடுத்தது. அதுவும் அதே நாட்டு நிறுவனம், அதே கணக்கியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. மேலும், கணக்குக்காகத்தான் விலை என்றால் 1.99 டாலர் போதுமென்று 2007-இல் கண்டவர்கள் 2008-இல் இருபதுக்குத் தாவியது ஏன்? அடுத்து 2008 ஜூலையில் வந்த இரண்டாம் பதிப்புக்கு 9.95 டாலர், 2009 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்புக்கும் 9.95 டாலர். விதி ஒன்றாகவே இருந்தது, விலை மட்டும் இடம் மாறிக்கொண்டிருந்தது.

இவ்வளவு சொன்னபின், கட்டணத்தை எதிர்ப்பதுதான் நம் கட்சி என்று வாசகர்கள் முடிவு கட்ட வேண்டாம். மென்பொருள் உழைப்பால் விளைவது. விற்று முடிந்த கருவிக்காக ஆட்கள் மாதக் கணக்கில் உழைக்கிறார்கள் என்றால் அதற்குக் கூலி கேட்பது நியாயமே. நூலின் இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் புதிய அத்தியாயம் சேர்த்தால், முதல் பதிப்பை வாங்கியவருக்கு அதை இலவசமாக அனுப்பு என்று நாம் பதிப்பகத்தின் கதவைத் தட்டுவதில்லை. பிரெஞ்சு நிறுவனமான ஆர்க்கோஸ் தன் 605 வைஃபை கருவியில் சில காணொளி வடிவங்களை இயக்குவதற்கான சேர்க்கைகளைத் தனியே விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் எச்.264 போன்ற வடிவங்கள் காப்புரிமைகளால் சூழப்பட்டவை. அவற்றுக்கான உரிமத் தொகையை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். வேண்டியவர் மட்டும் கட்டட்டும், வேண்டாதவர் மலிவாக வாங்கட்டும் என்பதில் ஒரு நேர்மை உண்டு.

எங்கே நமக்கு இடறுகிறது என்றால், 2008 செப்டம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் டச்சில். அதன் உள்ளிருந்த சில்லில் புளூடூத் வசதி இருந்தது. வாங்கியவர் அதற்கும் சேர்த்தே விலை கொடுத்திருந்தார். அதைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டும் திரிந்தார். ஆனால் கம்பியில்லாக் காதணியில் அவரால் பாட்டுக் கேட்க முடியாது. 2009 ஜூனில் 9.95 டாலர் கட்டி மூன்றாம் பதிப்பை ஏற்றிய பிறகே அந்தச் சில் கண்விழித்தது. புதிய அத்தியாயம் எழுதி விற்பது வேறு. அச்சிட்டுக் கொடுத்துவிட்ட அத்தியாயத்தின் பக்கங்களை ஒட்டி வைத்துவிட்டுப் பிரித்துப் பார்க்கப் பணம் கேட்பது வேறு. முதலாவது வணிகம். இரண்டாவதற்கு நாகரிகமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

2009 இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கணக்கியல் வாரியம் விதியைத் தளர்த்தியது. கருவியோடு பிணைந்து வரும் மென்பொருளுக்கு ஒரு மதிப்பை நிறுவனமே அனுமானித்து, அந்தப் பங்கை மட்டும் பின்னால் வரவு வைத்தால் போதும் என்றானது. ஆப்பிள் உடனே புதிய முறைக்கு மாறி, ஐபோன் ஒவ்வொன்றிலும் வருங்கால மேம்படுத்தல் உரிமையின் மதிப்பு 25 டாலர் என்று தன் அறிக்கையில் எழுதியது. 2010 ஜூனில் ஐஓஎஸ் நான்காம் பதிப்பு வந்தபோது ஐபாட் டச் உரிமையாளர்களுக்கும் அது இலவசம். எங்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த 25 டாலரை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இலவசம் என்று சொல்லப்பட்டதற்குக் கணக்கில் ஒரு விலை இருந்தது. வாங்குபவரின் ரசீதில் மட்டும் அது இல்லை. கட்டணம் மறைந்துவிடவில்லை, கருவியின் விலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கூடவே, எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியும் ஒளிந்துகொண்டது. (அந்த இலவச நான்காம் பதிப்பு முதல் தலைமுறை ஐபாட் டச்சில் ஏறவே ஏறாது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம். முன்பு இருபது டாலர் கட்டியவர்களின் கருவி அதுதான்.)

காசு கேட்ட காலத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு அதிகாரம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். 9.95 டாலருக்கு இது தகுமா என்று நான்கு பேரிடம் விசாரிக்கலாம். நிறுவனமும் என்ன தருகிறோம் என்று பட்டியலிட்டுக் காட்டியாக வேண்டும். இலவசமான பிறகு கேள்வி கேட்கும் பழக்கமே அருகிவிட்டது. 2010-இல் நான்காம் பதிப்பை ஐபோன் 3ஜி-யில் ஏற்றியவர்கள் கருவி தள்ளாடுவதைக் கண்டார்கள். 2017 ஜனவரியில் வந்த ஒரு மேம்படுத்தல், மின்கலம் தளர்ந்த ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்தது. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது அவ்வாண்டு டிசம்பரில்தான். வழக்கு 2020-இல் 50 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டில் முடிந்தது. கருவி திடீரென அணைந்துபோகாமல் காக்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் சொன்னது. அதில் உண்மையும் இருக்கிறது. எனினும் பத்து டாலர் வாங்கிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் துணிவு எந்த விற்பனையாளருக்கும் வந்திருக்காது என்றே தோன்றுகிறது.

தமிழர்களான நமக்கு இதில் தனியாக ஒரு கணக்கு உண்டு. 2013 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் ஏழாம் பதிப்பில்தான் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் இயங்குதளத்தின் பகுதியாகவே வந்தன. அதுவரை ஒரு செயலிக்குள் தட்டி வெட்டியெடுத்து இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எத்தகைய விடுதலை என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேம்படுத்தல் இலவசம். ஆனால் 2010-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐபாட் டச்சுக்கு அது கிடையாது. ஆறாம் பதிப்போடு அதன் கதை முடிந்தது. அந்தக் கருவியின் விற்பனையை ஆப்பிள் நிறுத்தியது 2013 மே மாத இறுதியில். அதாவது, அந்த மே மாதத்தில் கடைக்குப் போய்ப் புத்தம் புதிதாக அதை வாங்கிய ஒருவர், நான்கே மாதங்களில் பழைய கருவிக்காரர் ஆனார். முதல் ஐபாட் டச்காரர்களுக்கும் அதே நான்கு மாதம்தான். அவர்களுக்கு இருபது டாலரில் ஒரு வழி இருந்தது. இவருக்குத் தமிழ் விசைப்பலகையின் விலை ஒரு முழுக் கருவியின் விலை. பழைய வன்பொருள் புதிய பதிப்பைத் தாங்காது என்று தொழில்நுட்பம் அறிந்தோர் சொல்வர், சொல்லட்டும். அதே கருவிக்கு 2014 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் சிறு மேம்படுத்தல் வரத்தான் செய்தது. ஆறாம் பதிப்புக்குள்ளேயே ஒரு விசைப்பலகையைப் பத்து டாலருக்கு விற்றிருந்தால் நாம் மறுபேச்சின்றி வாங்கியிருப்போம்.

நிறுவனம் கைவிட்டால் வாங்கியவர்களே பார்த்துக்கொள்ளலாம் என்ற வழியும் ஒன்று இருந்தது. ஆர்க்கோஸ் கருவிகளின் மென்பொருளில் மனநிறைவு கொள்ளாத சுவீடன் நாட்டு நிரலாளர் சிலர் 2001 இறுதியில் தொடங்கிய ராக்பாக்ஸ், பின்னர் ஐரிவர் கருவிகளிலும் பழைய ஐபாட்களிலும் ஓடியது. காசும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. நிறுவனங்கள் மறந்துவிட்ட கருவிகள் அதனால் பல ஆண்டுகள் கூடுதலாகப் பாடின. ஆனால் கருவிகள் பூட்டோடு வரத் தொடங்கிய பிறகு இந்த வழி குறுகிவிட்டது. நிறுவனத்தின் கையொப்பமில்லாத மென்பொருளை ஏற்றுக்கொள்ளாதபடி கட்டப்பட்டவற்றில் ஆர்வலர்கள் என்ன செய்துவிட முடியும்?

2022 மே மாதத்தில் ஆப்பிள் ஐபாட் டச்சை நிறுத்துவதாக அறிவித்ததோடு, 2001-இல் தொடங்கிய ஐபாட் வரிசை முழுவதும் முடிவுக்கு வந்தது. கேள்வி மட்டும் மற்றக் கருவிகளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்தில் இணையும் நுகர்பொருள்களைச் செய்வோர் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு மேம்படுத்தல் தருவார்கள் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் கைப்பேசிகளுக்கும் பலகைக் கணினிகளுக்கும் விற்பனை நின்ற பின்னரும் ஐந்தாண்டுகள் மேம்படுத்தல் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. இவை காலத்தைச் சொல்கின்றன; விலையைச் சொல்லவில்லை. நாம் கேட்பது இரண்டையும். எந்த ஆண்டு வரை மேம்படுத்தல் வரும், அதற்காக இந்த விலையில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறீர்கள், அந்த ஆண்டுக்குப் பின் பூட்டைத் திறந்துவிடுவீர்களா என்பதை அட்டைப்பெட்டியின் மேல், ஜிகாபைட் கணக்கை அச்சிடும் அதே எழுத்தளவில் அச்சிடட்டும். பணம் கட்டச் சொன்னால் கட்டுகிறோம். 2008-இல் அந்த இருபது டாலரைக் கட்ட மறுத்தவர்களின் ஐபாட் டச்சில் மின்னஞ்சல் வரவில்லை, வானிலை தெரியவில்லை. பாட்டு மட்டும் வாங்கிய அன்று கேட்டதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தது.