ராபர்ட் ஃப்ரிப் - ஒரு லாரி சாமானும் ஒரே ஒரு ஸ்டூலும்

விண்டோஸ் விஸ்டா ஞாபகம் இருக்கிறதா? 2007ல் வந்தது, வந்த வேகத்தில் எல்லோரிடமும் திட்டும் வாங்கியது. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நான்கு விநாடிக்கு மணியோசை மாதிரி மெல்லிசாக ஒன்று கேட்கும். அந்த ஒலிக்காக மைக்ரோசாஃப்ட் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கிடார் வாசித்துக் கொடுத்தவர் ராபர்ட் ஃப்ரிப். (கடைசி வடிவத்தில் வேறு சிலரின் கையும் உண்டு.) அதற்கு முந்தைய விண்டோஸ் 95 ஒலியைச் செய்தவர் பிரையன் ஈனோ. இந்த இரண்டு பேரும் 1972லேயே லண்டனில் ஒரு வீட்டில் உட்கார்ந்து கூட்டுச் சதி செய்தவர்கள். அந்தச் சதியைப் பற்றியும் அதன் கணக்கு வழக்கைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

ராக் இசை ரசிகர்களிடம் ஒரு பழைய புகார் உண்டு. ஊர் ஊராகப் போய் மேடையை அதிர வைத்த ஒரு கிடார் கலைஞர் திடீரென்று குழுவை விட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து, டிரம்ஸ் இல்லாமல், பாட்டு இல்லாமல், இருபது நிமிஷத்துக்கு "ஊஊஊம்" என்று இழுக்க ஆரம்பித்தால் உடனே தீர்ப்பு வந்துவிடும். "ஆள் களைச்சுப் போயிட்டார்", "சரக்கு தீர்ந்து போச்சு", "தூக்க மாத்திரை". ஆம்பியன்ட், போஸ்ட் ராக் என்று பெயர் எதுவாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். ஃப்ரிப் விஷயத்தில் இது எவ்வளவு தப்பு என்று பார்த்தால், மற்றவர்கள் விஷயத்திலும் கொஞ்சம் யோசிக்கத் தோன்றும்.

முதலில் ஆள் யார்? 1946ல் இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா வீடு, மனை வாங்கி விற்கும் ஏஜென்ட். பையனும் படிப்பை முடித்து அதே தொழிலுக்குப் போவதாகத்தான் திட்டம். கல்லூரியில் எடுத்த பாடங்கள் பொருளாதாரம், பொருளாதார வரலாறு, அரசியல் வரலாறு. (காமர்ஸ் மக்களே, நம்ம ஆள்!) இருபத்தொரு வயதில் அதெல்லாம் வேண்டாம், இசைதான் தொழில் என்று முடிவு செய்தார். 1969ல் கிங் கிரிம்சன் குழு. அந்த ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில் பல்லாயிரம் பேர் முன்னால் வாசித்தார்கள். அக்டோபரில் முதல் ஆல்பம். வருஷக் கடைசியில் அமெரிக்கச் சுற்றுப்பயணம். அந்தப் பயணம் முடிவதற்குள் குழுவில் இரண்டு பேர் விலகுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே வருஷத்தில் உச்சமும் உடைவும். அதற்குப் பிறகு 1974 வரை ஏறக்குறைய ஆல்பத்துக்கு ஆல்பம் ஆள் மாற்றம். மாறாத ஒரே ஆள் ஃப்ரிப்.

இங்கேதான் கணக்குப் புத்தி உள்ளவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். பெரிய ராக் குழு ஒன்று ஊர் சுற்றுவது என்றால் என்ன? லாரி, விளக்கு, ஒலிபெருக்கி, தூக்கிப் போட ஆட்கள், ஓட்டல், விமானம், மேனேஜர், மேனேஜருக்கு ஒரு மேனேஜர். இதில் முக்கால்வாசி நிலையான செலவு. கச்சேரி நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். அந்தச் செலவு எழ வேண்டுமென்றால் பெரிய அரங்கம் வேண்டும். பெரிய அரங்கம் நிறைய வேண்டுமென்றால் கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டையே வாசிக்க வேண்டும். தினமும். ஆக, இன்று இரவு என்ன வாசிக்கலாம் என்பதை முடிவு செய்வது கலைஞர் அல்ல, லாரி வாடகை!

ஃப்ரிப் இதைப் புரிந்துகொண்டார். 1974 ஜூலை 1ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கச்சேரி. செப்டம்பரில் குழுவையே கலைத்துவிட்டார். அவர்களின் மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று பலரும் சொல்லும் 'ரெட்' கடைக்கு வந்தபோது குழு இல்லை! பெரிய குழுக்களை அவர் டைனோசர்களோடு ஒப்பிட்டுப் பேசினார். வரப்போகும் காலத்துக்கு வேண்டியது சிறிய, எளிதில் நகரக்கூடிய, புத்தியுள்ள ஓர் அலகு என்றார். இப்போது ஏதாவது ஸ்டார்ட்டப் கம்பெனிக்காரர் சொன்னது போல இருக்கிறதல்லவா? சொன்னது எழுபதுகளில்.

அந்தச் சிறிய அலகுக்கான கருவி ஏற்கெனவே கையில் இருந்தது. 1972 செப்டம்பரில் ஈனோ வீட்டில் இரண்டு ரீவாக்ஸ் டேப் மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். முதல் மெஷினில் கிடார் பதிவாகும். அதே நாடா நீண்டு போய் இரண்டாவது மெஷினில் நுழையும். சில விநாடி கழித்து அங்கே அது ஒலிக்கும். அந்த ஒலி திரும்ப முதல் மெஷினுக்கு வரும், புது வாசிப்போடு சேர்ந்து மறுபடி பதிவாகும். இப்படியே சுற்றிச் சுற்றி ஒரு ஆள் பத்து ஆளாகிவிடுவார். தம்பூரா சுருதியை விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, மேலே ஒருவர் ஆலாபனை செய்வதைக் கற்பனை செய்யுங்கள். இங்கே தம்பூராவும் அவரே, பாடகரும் அவரே. (இந்த டேப் வித்தையை டெர்ரி ரைலி, பாலின் ஆலிவெரோஸ் போன்றவர்கள் அறுபதுகளிலேயே செய்துவிட்டார்கள். ஃப்ரிப், ஈனோ அதை ராக் கிடாருக்குக் கொண்டுவந்தார்கள்.) 1973ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் மொத்தமே இரண்டு உருப்படிகள், பக்கத்துக்கு ஒன்று.

குழுவைக் கலைத்த கையோடு ஃப்ரிப் நேரே தனிக் கச்சேரிக்கு ஓடிவிடவில்லை. 1975ல் ஷெர்போர்ன் ஹவுஸ் என்ற இடத்தில் ஆன்மிகப் பயிற்சி ஒன்றில் பத்து மாதம் இருந்தார். 1977ல் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' ஆல்பத்துக்கு பெர்லினில் போய் வாசித்தார். அதே வருஷம் பீட்டர் கேப்ரியலின் சுற்றுப்பயணத்தில் டஸ்டி ரோட்ஸ் என்ற பொய்ப் பெயரில், பார்வையாளர்களுக்குத் தெரியாமல் ஒதுங்கி உட்கார்ந்து வாசித்தார். டைனோசர் முதுகில் மறுபடி ஏறினார், ஆனால் முகத்தைக் காட்டவில்லை.

பிறகு 1979. ஒரு கிடார், இரண்டு ரீவாக்ஸ், ஒரு ஸ்டூல். இவ்வளவுதான் மூட்டை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இசைத்தட்டுக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், இசைக் கம்பெனி அலுவலகங்கள் என்று போய் வாசித்தார். வாசித்து முடித்ததும் கேட்பவர்களோடு கேள்வி பதில். இந்த முறைக்கு ஃப்ரிப்பர்ட்ரானிக்ஸ் என்று பெயர். செலவு குறைந்தவுடன் கூட்டமும் குறைவாக இருந்தால் போதும் என்றாயிற்று. கூட்டம் குறைவாக இருந்தால் போதும் என்றவுடன் இன்று இரவு என்ன வாசிப்பது என்பது அவர் கைக்கு வந்துவிட்டது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், பிரேக் ஈவன் புள்ளியைக் கீழே இறக்கி சுதந்திரத்தை வாங்கியிருக்கிறார்.

சரி, "சுதந்திரம் எல்லாம் இருக்கட்டும், இசை போரடிக்குதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைக்கு ஒரு லூப் பெடல் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தை நிரப்பிவிடலாம், நிரப்பிக்கொண்டும் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வெறும் புகை. ஆனால் ஃப்ரிப் செய்ததில் ஆபத்து இருந்தது. முன்கூட்டி எழுதி வைத்த இசை இல்லை. குழுவில் வாசிக்கும்போது ஒரு தப்பு ஸ்வரம் விழுந்தால் டிரம்ஸ் சத்தத்தில் கரைந்து போகும். டேப் சுழற்சியில் விழுந்தால்? சில விநாடிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வந்து முகத்தில் அறையும். அதை மறைக்க வழியில்லை. அடுத்து வாசிப்பதை வைத்து அந்தத் தப்பையே சரியாக்க வேண்டும். சோம்பேறிகள் தேர்ந்தெடுக்கிற வேலையா இது?

1990களில் டேப் போய் டிஜிட்டல் கருவிகள் வந்தன. பெயரும் சவுண்ட்ஸ்கேப்ஸ் என்று மாறியது. 1993ல் அவருடைய அம்மா இறந்தார். 1995ல் வந்த 'எ ப்ளெஸ்ஸிங் ஆஃப் டியர்ஸ்' அம்மா நினைவாக வந்த ஆல்பம், மேடையில் நேரடியாக வாசித்துப் பதிவானது. இதை டிரம்ஸ் வைத்து, பாடகரை வைத்து, விளக்கு போட்டுச் செய்திருக்க முடியுமா? சில விஷயங்களுக்கு ஒரு ஆள்தான் தேவைப்படுகிறார். துக்க வீட்டில் யாரும் மைக் பிடிப்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே தொண்ணூறுகளில் தன்னுடைய பழைய மேனேஜ்மென்ட்டோடு பல வருஷம் வழக்கு, தகராறு என்று அலைந்தார். 1992ல் டிஜிஎம் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது முக்கியமான கொள்கை: இசையின் காப்புரிமை இசைத்தவருக்கே. பொருளாதாரம் படித்த பையன் எங்கேயும் போய்விடவில்லை!

இப்போது எதிர்த் தரப்பின் வலுவான வாதம். ஃப்ரிப் தனியாகப் போக முடிந்ததே கிங் கிரிம்சன் சம்பாதித்துக் கொடுத்த பெயரால்தானே? ஆமாம். பெயர் தெரியாத ஒருவர் சாப்பாட்டுக் கடையில் டேப் மெஷினோடு உட்கார்ந்தால் பில் கட்டச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். ஊர் சுற்றிய ஐந்து வருஷம்தான் அவருக்கு மூலதனம். இன்னும் ஒன்று: டைனோசரைத் திட்டியவரே 1981ல் கிங் கிரிம்சனைத் திரும்பத் தொடங்கினார். 2012ல் இசைத் தொழிலே வேண்டாம் என்று ஒரு பத்திரிகையில் சொல்லிவிட்டு, 2014ல் மூன்று டிரம்மர்கள் உட்பட ஏழு பேரோடு மேடையேறினார். 2021 டிசம்பர் 8ல் டோக்கியோ கச்சேரியோடுதான் அந்தச் சுற்று முடிந்தது.

இது முரண்பாடா? அப்படிச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 1974ல் லாரிக்காக வாசித்தவர், 2014ல் லாரி வேண்டுமா என்று தானே முடிவு செய்து வாசித்தார். நடுவில் தனியாக உட்கார்ந்த வருஷங்கள் இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் 'சரி' சொன்னால்தான் அந்தச் சரிக்கு மதிப்பு.

போஸ்ட் ராக் என்ற சொல்லை 1994ல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் பரப்பியபோது, ராக் கருவிகளை வைத்து ராக் அல்லாத காரியங்களைச் செய்வது, கிடாரை நிறத்துக்கும் நயத்துக்கும் பயன்படுத்துவது என்று விளக்கினார். ஃப்ரிப்பை அந்த வகையில் சேர்த்துப் பேசுவது வழக்கமில்லை. ஆனால் அந்த விளக்கத்தை 1973 ஆல்பத்தின் அட்டையில் ஒட்டினாலும் பொருந்தும்.

2020 மே 1 முதல், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஃப்ரிப் தன் பழைய தனிக் கச்சேரிப் பதிவுகளை வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டார். உலகம் முழுக்க லாரிகள் நின்றுபோன வருஷம் அது. ஸ்டூல் மட்டும் வேலை செய்தது.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் அந்தப் பதிவுகளில் ஏதாவது ஒன்றில் தொடங்கலாம். ராத்திரி, ஹெட்ஃபோன், விளக்கை அணைத்துவிட்டு. பத்து நிமிஷத்தில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை. வராவிட்டால், 'சரக்கு தீர்ந்து போச்சு' தீர்ப்பை மட்டும் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம் :)