குரோவருக்கு எதற்கு வெள்ளை சூட்டு?

1977 டிசம்பரில் வெளியான ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தில் ஜான் டிரவோல்டா வெள்ளை சூட்டு போட்டு, ஒரு கையை மேலே நீட்டி நின்ற தோரணை உலகப் புகழ் பெற்றது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட் ஃபீவர்’ என்றொரு சிறுவர் இசைத்தட்டு வந்தது. அதன் உறையில் அதே வெள்ளை சூட்டில், அதே தோரணையில் நின்றது குரோவர் என்ற நீல நிற பொம்மை. 1979இல் டிஸ்னி நிறுவனமும் தன் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து ‘மிக்கி மவுஸ் டிஸ்கோ’வைக் கொண்டுவந்தது. பெரியவர்களின் இரவு விடுதிக் கூத்தைப் பிள்ளைகளின் தலையில் கட்டிய வியாபாரம் என்று இவற்றை ஒதுக்கிவிடுவோர் உண்டு. வியாபாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த ஒரு சொல்லோடு முடித்துவிட்டால், குறைந்தபட்சம் முதல் தட்டுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடர் 1969இல் பிறந்ததே இப்படியொரு கடன் வாங்கலில்தான். பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத குழந்தைகள் பீர் விளம்பரப் பாட்டைப் பிசகாமல் பாடுவதை, தொடரை உருவாக்கிய ஜோன் கான்ஸ் கூனி கவனித்திருந்தார். பீரை மனத்தில் பதிக்கும் உத்தி எழுத்தையும் எண்ணையும் பதிக்காதா என்பது அவர் கணக்கு. நிகழ்ச்சியை இன்ன எழுத்து வழங்குகிறது என்று விளம்பரதாரர் பாணியிலேயே அறிவித்தார்கள். விளம்பரத்திடம் கற்றுக்கொள்ளக் கூசாதவர்கள் டிஸ்கோவிடம் மட்டும் ஏன் கூச வேண்டும்? அதிலும் டிஸ்கோ குழந்தைக்கு வாகான இசை. ஒரு சுற்றின் நான்கு தட்டிலும் பெரிய டிரம் தவறாமல் விழும். அடி எங்கே என்று தேட வேண்டியதில்லை, கால் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். பெரியவர்களுக்கு அலுப்பூட்டும் அந்தத் திருப்பம்தான் மூன்று வயதுக்குக் கொண்டாட்டம். தொடரின் பிஸ்கட் பூதம் என்ற பொம்மை ‘சி’ என்ற எழுத்தைப் பற்றிப் பாடும் பழைய பாட்டு இந்தத் தட்டில் டிஸ்கோ தாளத்துக்கு மாறியது. தாளம் மாறினாலும் பாடம் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத்தானே, இது போதும் என்ற அலட்சியம் அந்தத் தட்டில் இல்லை. ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ பாடல்களால் உச்சியில் இருந்த பீ ஜீஸ் குழுவின் ராபின் கிப் வந்து, பொம்மைகளோடு சேர்ந்து பாடினார். குப்பையைப் பற்றிய பாட்டு ஒன்றையும் பாடினார். தட்டு தங்கச் சான்று பெற்றது. அமெரிக்கக் கணக்கில் அது 5 லட்சம் பிரதிகள்.

சிறுவர் பார்க்கக் கூடாத படத்தின் தோரணையைச் சிறுவர் தட்டின் உறைக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் படத்தை அறியாத குழந்தை அந்த உறையில் பார்ப்பது, சட்டை மாட்டிக்கொண்டு கோணலாக நிற்கும் பொம்மையை மட்டுமே. பகடி பெற்றோருக்கானது. அதுவும் காரணமில்லாமல் வைத்ததல்ல. பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்த்தால் குழந்தை கூடுதலாகக் கற்கும் என்பதற்காகவே அந்தத் தொடர் முதலிலிருந்து அவர்களுக்கும் நகைச்சுவை வைத்து வந்தது.

இந்த அளவுகோலில் மிக்கியின் தட்டு ஒரு படி கீழேதான் நிற்கிறது. வில்லேஜ் பீப்பிள் குழுவின் ‘மேச்சோ மேன்’ பாட்டைக் கேலி செய்யும் வாத்துப் பாட்டு சிரிப்பை வரவழைக்கும். ஆனால் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ போன்ற பழைய பாட்டுகளுக்கு அடியில் டிரம்மைக் கொடுத்ததற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆடலாம், ஆடிய பின் கையில் மிஞ்சுவது குறைவு.

ஓடிப்போகும் மோகத்தைப் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டார்கள் என்பது கடைசிக் குற்றச்சாட்டு. மோகம் ஓடிப்போனது உண்மை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ரகளை செய்ததில் இரண்டாம் ஆட்டமே நடக்கவில்லை. பெரியவர்கள் இப்படிக் கணக்கை முடித்த அதே ஆண்டில் வந்த ‘மிக்கி மவுஸ் டிஸ்கோ’, பிற்பாடு இரட்டை பிளாட்டினம் சான்று பெறும் அளவுக்கு விற்றது.