நோட்டரி சீல் விழுந்தால் நிலம் நம்முடையதா?

தொப்பம்பட்டி பக்கம் வழக்கமாக நடப்பதுதான். பட்டா, இறந்துபோன தாத்தா பேரில். மக்காச்சோளம் போடுவது சித்தப்பா. பேரன் கோவையில் வேலை பார்க்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை நகர்த்தியதும், "ஒரு அபிடவிட் போட்டுரலாம் தம்பி, முடிஞ்சுது" என்று யாராவது சொல்வார்கள். முடியாது.

அபிடவிட், அதாவது பிரமாணப் பத்திரம், நாமே சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம். இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் நோட்டரி சீல். அவர் காட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. 1872 சாட்சியச் சட்டமும் சரி, 2024 ஜூலை 1-ல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் சரி, முதல் பிரிவிலேயே பிரமாணப் பத்திரத்தை வெளியே நிறுத்திவிட்டன. 1988-ல் சுதா தேவி வழக்கில், அது தானாகச் சாட்சியம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத்தான் தாக்கலாகும். ஆனால் கூண்டேறி, எதிர்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையிலும் அது நிற்கணும்.

அப்போ எது பேசும்? அடங்கல். எந்த சர்வே எண்ணில், எந்தப் பசலியில், யார், என்ன பயிர் வைத்தார் என்று விஏஓ எழுதும் கணக்கு. தகராறு வந்தபிறகு எழுதிய பத்துப் பக்க அபிடவிட்டைவிட, தகராறே இல்லாத காலத்தில் எழுதிய ஒரு வரி அடங்கலுக்குக் கனம் அதிகம். கூடவே கிஸ்தி ரசீது, கிணற்று மோட்டாருக்கான மின் இணைப்பு, சொசைட்டி பயிர்க்கடன் காகிதம்.

இங்கேதான் எனக்கு எரிச்சல். காட்டைப் பார்க்காமலே போன வருஷப் பயிரை அப்படியே எழுதிவிடுகிறார்கள் என்பது விவசாயிகளின் பழைய புகார். கணக்கை ஒழுங்காக எழுதாமல், "அபிடவிட் கொண்டாங்க" என்று கேட்டால், அரசு தன் வேலையை மனுதாரர் தலையில் கட்டுகிறது என்றுதான் அர்த்தம்.

இதே மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் கதை வேறு. பளியர்களிடம் அடங்கல் ஏது? 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கிச் சான்றாக ஏற்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது. வீடு, கிணறு, இடுகாடு என்று இன்னொன்றும் காட்டணும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் கையில் இருந்திருக்கணும். காகிதமே இல்லாதவர் சொல்லுக்கு இடம் கொடுத்து, அதையும் சரிபார்க்கச் சொல்லும் இந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது.

எழுதித்தான் ஆகணும்னா, நேரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்க. "பரம்பரை பரம்பரையாக அனுபவித்து வருகிறோம்" என்ற வரியால் பயனில்லை. சர்வே எண், நான்கெல்லை, எந்த வருஷம் என்ன பயிர், போர் போட்டது எப்போ, இதெல்லாம் வேணும். நீதிமன்ற நடவடிக்கையில் பொய் சத்தியம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை.

இன்னொன்று. சித்தப்பா 12 வருஷம் உழுதார் என்பதாலேயே உங்க அப்பாவின் பங்கு போய்விடாது. கூட்டு வாரிசுகளில் ஒருவரின் அனுபவம் எல்லாருக்குமானது. மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்து அனுபவித்திருந்தால்தான் நிலைமை மாறும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அடங்கல் நகல் வாங்கிப் பாருங்க. தப்பாக இருந்தால் ஜமாபந்தியில் மனு கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வையுங்க.