பைதனையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கோ

எங்கட பீடத்தில பழைய தமிழ் ஆவணங்களோட வேலை செய்யிற எல்லாருக்கும் ஒரே தலையிடிதான்: பாமினி. இருபது வருசத்துக்கு முந்தித் தட்டெழுதின கட்டுரை, நினைவு மலர், சங்க அறிக்கை எல்லாம் அந்த எழுத்துருவிலதான் கிடக்கு. எழுத்துரு இல்லாத கணினியில திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேட ஏலாது. ஒரு மேற்கோளை வெட்டி ஒட்டவும் ஏலாது.

‘தேடி மாற்று’ போட்டு யூனிகோட்டுக்கு மாத்தலாமே எண்டு கேப்பீங்கள். சரிவராது. பாமினியில ‘கொ’ எண்டால் கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கிலேயே முதல்ல கொம்பு, பிறகு ககரம், கடைசியில கால். யூனிகோட்டில ககரம்தான் முதல், அதுக்குப் பின்னால ஒகரக் குறி. ஆக, ஒழுங்கையே புரட்ட வேணும். அதுக்குச் சின்னதாக ஒரு நிரல் வேணும்.

கம்பஸ் லாப்பில இருக்கிறது விண்டோஸ். அதில புதுசாக எதையும் நிறுவ எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் லிப்ரே ஒபிஸ் ஏற்கனவே இருந்தது. பைதனில எழுதின ஒரு சின்னக் கோப்பை என்ர பயனர் கோப்புறைக்குள்ள போட்டன், மெக்ரோ பட்டியலில தெரிவுசெய்து ஓட்டினன். நாப்பது பக்கம் சில விநாடியில யூனிகோட் ஆச்சு. யாரிட்டயும் பாஸ்வேர்ட் கேக்கத் தேவை வரேல்லை. காரணம், விண்டோஸுக்கும் மக்குக்கும் வாற லிப்ரே ஒபிஸ் தன் வயித்துக்குள்ளேயே ஒரு பைதனைக் கொண்டுவருது.

அதே கோப்பைத் தோழி ஒருத்தியிட்ட குடுத்தன். அவளின்ர லப்டொப்பில லினக்ஸ். அதே லிப்ரே ஒபிஸ், அதே கோப்பு, ஆனால் ஓடவில்லை. சில லினக்ஸ் வெளியீடுகளில லிப்ரே ஒபிஸையும் பைதனையும் இணைக்கிற பாலம் தனிப் பொதி. அதை நீங்களே தேடி நிறுவ வேணும். அப்பிடி ஒண்டு இருக்கெண்டு தெரிஞ்சால்தானே தேடுறது?

“ஒரேயொரு கட்டளைதானே” எண்டு விசயம் தெரிஞ்ச அண்ணாமார் சொல்லுவினம். அந்தக் கட்டளை உங்களுக்குத் தெரியும். அதை அடிக்கிற அதிகாரம் உங்கட கணினியில உங்களுக்கு இருக்கு. விடுதியில மாசக் கடைசியில டேட்டா முடிஞ்சு இருக்கிறவளுக்கு அது ஒரு கட்டளை இல்லை, ஒரு மதில்.

நான் சொல்ல வாறது இதுதான்: மூண்டு இயங்குதளத்திலயும் ஓடும் எண்டு சொல்லுற கட்டற்ற மென்பொருள், தன் நிரல்மொழியையும் மூண்டிலயும் உள்ளுக்குள்ளேயே வைத்துத் தர வேணும். இல்லாட்டி அந்த வாக்கு அரைவாசிதான்.

இதுக்கு எதிரான வாதங்கள் எனக்கும் தெரியும். முதலாவது, இடம் வீண்: கணினியில ஏற்கனவே ஒரு பைதன் இருக்கேக்க இன்னொண்டு எதுக்கு? ஏனெண்டால் அந்தப் பைதன் உங்கட கையில இல்லை. கிம்ப்புக்கு என்ன நடந்தது எண்டு பாருங்கோ. அதின்ர 2.10 பதிப்பு பைதன் 2-ஐ நம்பி இருந்தது. 2020 ஜனவரி 1-ஓட பைதன் 2-க்கான ஆதரவு முடிஞ்சுது. உபுண்டு 20.04 கிம்ப்பின் பைதன் பொதியைத் தூக்கிவிட்டது. விண்டோஸ் நிறுவியோ அதைத் தொடர்ந்து சேர்த்தே தந்தது. ஒரே மென்பொருள், ஒரே செருகுநிரல், ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் சாவு. பைதன் 3-க்கு மாறின கிம்ப் 3.0 வெளிவந்தது 2025-இல. அதேநேரம், கிம்ப் தனக்குள்ளேயே வைத்திருந்த ஸ்கிரிப்ட்-ஃபூவுக்கு இந்தக் கதி வரேல்லை.

இரண்டாவது, பாதுகாப்பு. இது நியாயமான வாதம். லிப்ரே ஒபிஸில ஒரு ஓட்டை 2019-இல பகிரங்கமானது: ஆவணத்தில இருக்கிற இணைப்புக்கு மேல மவுஸைக் கொண்டுபோனாலே கட்டளைகளை ஓடச் செய்யலாம். அதுக்குப் பயன்பட்டது உள்ளுக்குள்ள இருந்த பைதனின்ர ஒரு கோப்புத்தான். ஆனால் பிழை, கோப்புப் பாதையைச் சரிபார்க்காமல் விட்டதில. அதைத் திருத்தினார்கள், பைதனைத் தூக்கி எறியவில்லை. சேர்த்துத் தாறவர் அதைப் புதுப்பிக்கிற பொறுப்பையும் ஏற்க வேணும், அவ்வளவுதான்.

மூண்டாவது, “பேசிக் இருக்குத்தானே”. இருக்கு. ஆனால் லிப்ரே ஒபிஸ் பேசிக்கில எழுதினது வெளியில எங்கையும் ஓடாது. தமிழுக்காக ஆக்கள் எழுதிவைச்ச நிரல்கள் பைதனில கிடக்கு. ஓப்பன்-தமிழ் எண்ட நூலகத்தில பாமினியை யூனிகோடாக்கிற பகுதியே இருக்கு. அந்த உழைப்பு எங்கட எழுதுகருவிக்குள்ள வர வேண்டாமா?

பிளெண்டரைப் பாருங்கோ. விண்டோஸ், மக், லினக்ஸ் எதுக்கு அவர்களின் தளத்தில இருந்து இறக்கினாலும் பைதன் உள்ளுக்குள்ளேயே வரும். ஒரு பதிப்புக்கு எந்தப் பைதன் எண்டதையும் அவர்களே முடிவு செய்யினம். ஆகவே செய்ய ஏலாத காரியம் இல்லை.

லிப்ரே ஒபிஸ்காரரையும் சும்மா விட ஏலாது. பைதனை உள்ளுக்குள்ள வைத்துவிட்டு ஒளித்தும் வைத்தார்கள். பேசிக்குக்கு எழுதித் திருத்த ஒரு ஜன்னல் குடுத்தார்கள். பைதனுக்கு நீண்டகாலமாக மெனுவில இருந்தது ஓட்டுறதுக்கான வழி மட்டும்தான். மறைந்து கிடக்கிற கோப்புறையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது எங்கட கெட்டித்தனம்.

கட்டற்ற மென்பொருளின் நாலு சுதந்திரங்களில ஒண்டு, படித்து மாற்றி அமைக்கிற சுதந்திரம். மூல நிரலை இணையத்தில போட்டால் அது முடிஞ்சுது எண்டு நினைக்கினம். பாஸ்வேர்ட் இல்லாத லாப்பில, கடன்வாங்கின லப்டொப்பில இருக்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் ஒரு பைதன் கோப்பின் அளவில்தான் கிடைக்கும். அதையும் ‘விருப்பமெண்டால் நிறுவு’ எண்டு பிரித்து வைத்தால், வீட்டைத் தந்துவிட்டுத் திறப்பைத் தராத கதைதான்.

தோழியின்ர ஆவணத்தை நான்தான் லாப்பில மாத்திக் குடுத்தன். அவள் தானே செய்திருக்க வேண்டிய வேலை அது.