கால்கள் காக்கும் மலை



பள்ளி விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "இம்முறை எங்கே போகலாம்?" என்பதே. கொடைக்கானலும் உதகையும் உடனே நினைவுக்கு வருகின்றன. வண்டி வாடகை, விடுதி, உணவு என்று கணக்கிட்டுப் பார்த்த தந்தை, "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. மதுரையைச் சூழ்ந்து வாழும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். மலைமேல் நடந்து மகிழ மலைநாடு தேடிப் போக வேண்டியதில்லை. நகருக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில், கீழக்குயில்குடியில் சமணர் மலை நமக்காகக் காத்திருக்கிறது. அதற்கு ஒரு விடியற்காலைப் பொழுதும் சிறிது குடிநீரும் போதும்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், விழுதூன்றி நிற்கும் ஆலமரம், மண்குதிரைகள் காவல் நிற்கும் அய்யனார் கோவில். கோவிலை அடுத்துப் பாறைமேல் படிகள் தொடங்குகின்றன. சிறிது தூரம் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தை அடையலாம். அங்கே ஒரு சுனையும், அதன் மேற்புறப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருவுருவங்களும் உள்ளன. இன்னும் மேலே சென்றால் ஒரு கற்கோவிலின் அடித்தளம் மட்டும் எஞ்சி நிற்பதைக் காணலாம். மாதேவிப் பெரும்பள்ளி என்பது அதன் பெயர். மலையின் மற்றொரு புறத்தில் செட்டிப்புடவு என்னும் குகை இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்திருக்கிறது. உள்ளேயோ, சிங்கத்தின்மேல் ஏறி, யானைமேல் வரும் பகைவனோடு போர் புரியும் இயக்கியின் சிற்பம். இவையெல்லாம் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. உருவங்களின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்கல்வெட்டுகளுள் ஒன்றை நம் தாய்மார்கள் அறிந்துகொள்வது நன்று. பேச்சிப்பள்ளத்து உருவம் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் என்று அது கூறுகிறது. தவம் மேற்கொண்டு வீட்டைத் துறந்து சென்ற மகனின் பெயரோடு ஒரு தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாகப் பாறையில் நிலைத்து நிற்கிறது. சமணத் துறவியர் ஊர்தி எதிலும் ஏறமாட்டார்கள். மழைக்காலம் தவிர ஓரிடத்தில் நிலையாகத் தங்கவும் மாட்டார்கள். வடக்கே வள்ளிமலையிலும், மதுரைக்கு அருகே யானைமலையிலும் கருங்காலக்குடியிலும், தெற்கே குமரி மாவட்டத்துச் சிதறாலிலும் அச்சணந்தியின் பெயரைக் கல்வெட்டுகள் தாங்கி நிற்கின்றன. அத்தனை தூரமும் கால்நடையாகக் கடந்த தூரமன்றோ! தமிழகத்து மலைப்பாதைகளில் இத்தகைய கால்களின் தடமும் உண்டு.

நடப்பதும் ஓர் உரிமை என்பதை இதே ஊரின் வரலாறு வேறொரு வகையில் நமக்கு உணர்த்துகிறது. ஆங்கிலேய அரசின் குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரை மாவட்டத்தில் முதன்முதலாகப் பாய்ந்தது 1914-ஆம் ஆண்டில், கீழக்குயில்குடிக் கள்ளர் மக்கள்மீதுதான். கைரேகையைப் பதித்துக்கொண்டு, இரவு வேளையில் அரசின் சீட்டு இல்லாமல் ஊரைவிட்டு வெளியே செல்லக் கூடாது என்று அச்சட்டம் அவர்களைக் கட்டிப்போட்டது. குற்றம் செய்தவரையன்றிப் பிறந்தவரையெல்லாம் குற்றவாளிகளாக்கிய சட்டம் அது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. தம் வீட்டு வாசலில் நிற்கும் மலையைச் சுற்றி விரும்பிய வேளையில் நடக்கவும் உரிமையற்றிருந்த தலைமுறை ஒன்று இவ்வூரில் வாழ்ந்தது. இன்று நாம் தடையின்றி இப்படிகளில் ஏறும்போது அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மேலைநாட்டுச் செய்தி ஒன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆல்ப்ஸ் மலைத்தொடரும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் நிறைந்த சுவிட்சர்லாந்து நாட்டில், நடைபாதைகளையும் மலைப்பாதைகளையும் அரசியலமைப்பிலேயே இடம்பெறச் செய்யலாமா என்று 1979 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மையோர் ஆம் என்றனர். அதன்படி 1985-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அங்குள்ள நடைப்பயணப் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர். எளிய பாதைக்கு மஞ்சள் பலகை. கடினமான மலைப்பாதைக்கு வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்னும் பட்டை. இவற்றைப் பார்த்தே சிறுவரும் வழி அறிவர். இதனினும் பெரிது அச்சட்டத்தின் ஒரு விதி: சாலைக்காகவோ கட்டடத்திற்காகவோ ஒரு பாதை அழிக்கப்படுமாயின், அதற்கு ஈடாக வேறு பாதை அமைத்துத் தரவேண்டும். நடப்பவரின் காலுக்கு அந்நாடு அளித்த மதிப்பு அது.

நம் நாட்டில் நிலைமை என்ன? மதுரை மாவட்டத்துக் குன்றுகள் பலவற்றை நாம் ஏறிப் பார்க்கவில்லை. கல் எடுப்போர் ஏறிப் பார்த்தனர். மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகளை 2012-இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அறிக்கையாக அனுப்பியபோதுதான், எத்தனை குன்றுகள் குழிகளாகிவிட்டன என்று நாடே திடுக்கிட்டது. ஒரு மலைக்குப் பெயரும் கதையும் பாதையும் பழகிய மனிதரும் இருந்தால் அது மலை. இவை இல்லையேல் அது கன மீட்டர்க் கணக்கில் விலைபோகும் வெறும் கல். வெட்டிய காட்டை மீண்டும் வளர்க்கலாம். வெட்டிய மலையை எவர் வளர்ப்பார்?

மக்கள் விழித்துக்கொண்ட இடங்களில் மலைகள் பிழைத்துள்ளன என்பதும் உண்மை. யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் 2010-இல் பேசப்பட்டபோது, அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய 'பசுமை நடை' என்னும் இயக்கம், குடும்பம் குடும்பமாக மக்களை மதுரைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டுகளின் பொருளை அறிஞர்கள் வாயிலாகக் கேட்கச் செய்தது. மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்கே ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். இருந்த இடத்தில் இருந்துகொண்டு எவரும் எழுதிய கணக்கல்ல அது. நடந்து, காத்திருந்து, கண்டு எழுதிய கணக்கு. 2024 நவம்பரில் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது ஊர்கள் பல திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தம் மலையில் என்ன இருக்கிறது என்று அறிந்திருந்த மக்களே அதைக் காக்க முடிந்தது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐப்பசி முதல் மாசி வரையுள்ள மாதங்கள் ஏற்றவை. கதிரவன் எழும் வேளையில் ஏறத் தொடங்கி, பாறை சுடுமுன் இறங்கிவிடுங்கள். சமணர் மலை பெரிதும் மொட்டைப் பாறை, நிழல் குறைவு. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். அன்று தவிர்த்தல் நலம். முதியோர் அடிவாரத்து ஆலமர நிழலில் அமர்ந்திருக்கலாம். அதுவும் மலைக்கு வந்ததாகவே ஆகும். கொண்டுசென்ற உறைகளையும் புட்டிகளையும் திரும்பக் கொண்டுவாருங்கள். சுனை நீரில் கால் கழுவ வேண்டாம். பறவைக்கும் ஆட்டுக்கும் அது குடிநீர். எழுத்துகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கல்வெட்டின்மேல் சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம்.

மற்றொன்று முக்கியமானது. பாறையைக் கண்டதும் தம் பெயரையும், தம் அன்புக்குரியவர் பெயரையும் கீறிவைக்கும் வழக்கம் நம் இளைஞரிடையே உள்ளது. இம்மலையின் சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைச் சிதைப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தண்டனைக்கு அஞ்சி மட்டும் நல்வழி நடப்பது நமக்குப் பெருமையன்று. வேறொரு சமயத்தார் தவமிருந்த இடம் இது. நம் ஆலயத்துச் சுரூபத்தின்மேல் எவரேனும் ஆணியால் கீறினால் நம் நெஞ்சம் எவ்வாறு துடிக்கும்! அந்தத் துடிப்பை இங்கும் உணர்வதே மெய்யான பக்தி.

குணமதியார் தம் பெயரைப் பொறித்தது ஒரு திருவுருவைச் செய்வித்து அளித்த பின்னரே. கொடுத்தவரின் பெயர் கல்லில் நிற்பது முறை. நாம் இம்மலைக்குக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்கள் மகன் கேட்டால், "உன் இரண்டு கால்கள்" என்று சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்படிகளில் ஏறிய பிள்ளை, நாளை இம்மலைக்கு ஒருவர் விலை பேச வரும்போது வாய்மூடி நிற்காது.