பாளைக்கத்தியைக் கண்ணாடிக்குள்ள பூட்டாதேங்கோ

நெடுந்தீவில பனை நிக்குது. ஏறிச் சீவுற ஆக்கள்தான் குறைஞ்சு போச்சினம். உடனே பழைய பாளைக்கத்தியை எண்ணெய் பூசி அலுமாரிக்குள்ள வைச்சு, 'மரபு' எண்டு படம் போடுறம். எங்களுக்கு இதில உடன்பாடில்லை. பாளை நுனியை நாளாந்தம் மெல்லிசாச் சீவினால்தான் கள்ளோ கருப்பணியோ ஊறும். கத்தி மழுங்கினால் பாளை நசுங்கும். தீட்டித் தீட்டித் தேய்ஞ்சிடுமே எண்டு கேக்கினம். தேயட்டும், உப்புக்காத்தில சும்மா கிடந்தாலும் கறள்தான் தின்னும்.

அதை இடுப்பில கட்டினவரைச் சாதி சொல்லிப் படலைக்கு வெளியில நிப்பாட்டின சமூகம், இப்ப கத்தியை மட்டும் ஹோலுக்குள்ள கூப்பிடுது! 1978இல தொடங்கின பனை அபிவிருத்திச் சபையிட்ட, ஏறப் பழகுற பெடியளுக்குக் கூலியும் காப்புறுதியும் கேப்பம். அப்புவின்ர கத்தியை அவையின்ர கையில குடுங்கோ.