தடை குப்பிக்கா, வாசற்படிக்கா?

 

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் மைத்துனர், தம் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, ஒரு சிறு நறுமணக் குப்பி கொண்டுவந்தார். அதன் பெயர் 'லிப்ஸ்டிக் ரோஸ்'. பெயரைப் படித்ததுமே என் முகம் சுருங்கிற்று. "உதட்டுச் சாயத்தின் பெயரில் ஒரு வாசனையா? இது நம் வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுமொழி கூறாமல் அதனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

அறியாமலே தீர்ப்பளித்தது பின்னர் உறுத்தியதால் தேடிப் படித்தேன். 2000ஆம் ஆண்டு பாரிஸில் பிரெடெரிக் மால் தொடங்கிய நிறுவனத்திற்காக ரால்ஃப் ஷ்வீகர் என்பவர் உருவாக்கியது இது. உதட்டுச் சாயத்திலுள்ள மெழுகு, கொழுப்பு ஆகியவற்றின் வாடையை மறைக்க ரோஜா, வயலட் மலர்களின் மணத்தைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அந்த மணமே இந்த நறுமணத்தின் கரு. வயலட் மணத்தைத் தருபவை அயோனோன் வகைப் பொருட்கள். 1893இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் இவற்றைச் செயற்கையாக உருவாக்கினர். இவை ராஸ்பெர்ரிப் பழத்திலும் இயற்கையாக உள்ளன. அதனால்தான் இத்தகைய வாசனையில் மலரும் பழமும் முகப்பவுடரின் மென்மையும் ஒன்றாக வீசுகின்றன.

ஆண்களின் நறுமணம் நிறமின்றி மணம் வீசுவது. பெண்களின் நறுமணம் மணமின்றி நிறம் தெரிவது. இக்கருத்திலான நபிமொழியை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதில் காண்கிறோம். இந்தக் குப்பியோ இதற்கு நேர்மாறானது. பெண்ணின் ஒப்பனையிலிருந்து நிறத்தை நீக்கி, மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அப்படியானால் என் தீர்ப்பு சரிதானே?

இல்லை. அதே நபிமொழியின் அறிவிப்பாளர்களில் ஒருவரான ஸயீத் இப்னு அபீ அரூபா, இது பெண் வெளியே செல்லும் நிலைக்குரியது என்றும், கணவனிடம் இருக்கையில் அவள் விரும்பியதைப் பூசிக்கொள்ளலாம் என்றும் அறிஞர்கள் விளங்கியதாகத் தெளிவுபடுத்துகிறார். ஆக, தடை குப்பிக்கு அன்று. அதைப் பூசிக்கொண்டு வாசற்படியைத் தாண்டுவதற்கே.

தந்தை அபூசுஃப்யான் (ரலி) மறைந்தபோது அன்னை உம்மு ஹபீபா (ரலி) மஞ்சள் நிற நறுமணப் பூச்சை வரவழைத்துத் தம் கன்னங்களில் தடவிக்கொண்டார்கள். தமக்கு அதன் தேவை இல்லை என்றும், கணவரல்லாத எவருக்காகவும் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் கடைப்பிடிக்கலாகாது என்பதாலேயே அவ்வாறு செய்ததாகவும் கூறினார்கள். இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நறுமணத்தைத் துறப்பது துக்கத்தின் அடையாளம் என்பதை இதிலிருந்து அறிகிறோம். அவ்வாறிருக்க, கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவியின் நறுமணத்தை மேல்தட்டுக்கு அனுப்பிய நான், அவளை எந்த நிலையில் வைத்தேன்?

ஜும்ஆவுக்குப் புறப்படும் நாம் பஞ்சில் அத்தரை நனைத்துக் காதுமடலில் செருகிக்கொள்கிறோம். வீட்டுப் பெண்களுக்கோ தடைகளின் பட்டியலை மட்டும் ஒப்படைக்கிறோம். வீட்டுக்குள் அவர்கள் மணக்க நம் கையால் எதை வாங்கிக் கொடுத்திருக்கிறோம்?

சகோதரிகளே, இதைச் சலுகையாக எண்ணி மணம் பரப்பியவாறு திருமண மண்டபத்துக்குச் சென்றுவிடாதீர்கள். அந்நிய ஆண்கள் நுகரும்படி கடந்து செல்வதைப் பற்றிய எச்சரிக்கை கடுமையானது. அதை இலேசாக்க எனக்கு உரிமையில்லை. இத்தகைய வாசனைகளில் கலக்கும் ஆல்கஹால் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலை நாடுவோர் எண்ணெய் அத்தரைத் தேர்ந்துகொள்ளலாம்.

அன்பளிப்பாக வரும் நறுமணத்தை நபி (ஸல்) அவர்கள் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரீயில் உள்ளது. மாணவர்களுக்கு அதைப் பலமுறை கற்பித்தவன் நான். என் வீட்டு வாசலுக்கு வந்த அன்பளிப்பை முகம் சுளித்து ஒதுக்கியவனும் நானே. அன்றிரவு குப்பியை இறக்கி, அவள் கையில் கொடுத்து, "பிழை என்னுடையது" என்றேன்.

மார்க்கத்தை அதன் எல்லை அறிந்து பேண அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.